குஸஜோஷி: எடோ காலப் படக்கதைப் புத்தகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சு என்றதும் ஹொகுசாயின் அலையும் உதமாரோவின் பெண் முகங்களும்தான் பலருக்கு நினைவு வரும். அதே கட்டை, அதே உளி, பல சமயம் அதே ஓவியர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான கதைப்புத்தகங்களும் அச்சாயின. அவற்றைப் பார்க்கவோ படிக்கவோ வாங்கவோ நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

குஸஜோஷி என்பது எது?

இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் அச்சான மலிவு விலைப் படக்கதைப் புத்தகங்களுக்குப் பொதுப்பெயர் குஸஜோஷி. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1880-கள் வரை, காலத்துக்கேற்ப உருமாறியபடி வெளிவந்தன. எந்தக் காலத்துப் புத்தகமானாலும் மூன்று அடையாளங்கள் இருக்கும். அநேகமாக எல்லாப் பக்கத்திலும் படம். படத்தில் மிஞ்சிய வெற்றிடத்தில் பெரும்பாலும் ஹிரகானா என்ற ஒலியெழுத்தில் கதை. அளவு பெரும்பாலும் சுமார் 18 செ.மீ. உயரம், 13 செ.மீ. அகலம்.

நான்காவது அடையாளம் ஒன்றும் உண்டு, அதுவே முக்கியமானது: ஐந்து தாள். நடுவில் மடித்த ஐந்து தாள்கள், அதாவது பத்துப் பக்கங்கள், ஓர் அலகு. நம் அச்சகத்தார் எதையும் பாரக் கணக்கில் பார்ப்பதுபோல, எடோ பதிப்பாளர் இந்த ஐந்து தாள் கணக்கில்தான் எல்லாவற்றையும் பார்த்தார். கதையின் நீளம், விலை, எழுத்தாளர் எந்த இடத்தில் திருப்பம் வைக்கவேண்டும் என்பது வரை இந்தக் கணக்குதான் முடிவு செய்தது.

சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று அட்டை நிறத்தை வைத்துப் பிரிக்கிறார்களே, அது சரியான பிரிவுதானா?

ஓரளவுக்கு. வரிசை இப்படிப் போகிறது. முதலில் சிவப்பு அட்டை அகஹோன்: மொமோதாரோ, நாக்கறுந்த சிட்டுக்குருவி போன்ற சிறுவர் கதைகள். 1740-களில் இருந்து கறுப்பு அட்டை குரோஹோனும் பச்சை அட்டை அவோஹோனும் அடுத்தடுத்து வந்தன. கபுகி நாடகக் கதை, போர்க்கதை, பேய்க்கதை இவற்றின் சரக்கு. 1775 முதல் 1806 வரை கிப்யோஷி, அதாவது மஞ்சள் அட்டை. அதற்குப் பிறகு பல அலகுகளைச் சேர்த்துக் கட்டிய கோகன்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். அவோஹோனின் பச்சைச் சாயம் வெளிச்சத்தில் வெளிறி மஞ்சளாகிவிடும். இன்று நாம் கிப்யோஷி என்று தனியே பிரிப்பதையும் அக்காலத்தவர் அவோஹோன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க வேண்டுமானால் உள்ளே பாருங்கள். சமகால எடோவின் நடையுடை, சிகையலங்காரம், பரத்தையர் வாழும் கேளிக்கைப் பகுதி, சிலேடை, பகடி எல்லாம் இருந்தால் அது கிப்யோஷி. வாசகர் குழந்தையல்ல, நாகரிகம் தெரிந்த நகரவாசி.

மிகப் பழைய ஒன்று எப்படித் தப்பியது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். 1678-இல் அச்சான சிறிய அகஹோன் ஒன்று, மியே மாநிலத்தின் மட்சுசாகாவில், இறந்த சிறுவனுக்காகச் செய்த ஜிஸோ (குழந்தைகளைக் காக்கும் பௌத்த தெய்வம்) சிலையின் உட்குழியில் கிடைத்தது. மற்ற குழந்தைகளிடம் இருந்தவை கிழிந்தே போயிருக்கும்.

யோமிஹோன், ஷாரெபோன் எல்லாம் இதில் சேருமா?

சேராது. அவை உறவுக்காரர்கள். யோமிஹோனில் எழுத்துதான் முதன்மை, படம் இடையிடையே வரும். அளவும் பெரிது, சுமார் 23×16 செ.மீ. கியோகுதெய் பாகினின் நான்சோ சதோமி ஹக்கென்தென் 1814 முதல் 1842 வரை 106 புத்தகங்களாக வந்தது இந்த வகையில்தான். ஷாரெபோன் கேளிக்கைப் பகுதி உரையாடல்களைச் சொல்லும் கையடக்க நூல். கொக்கெய்போன் நகைச்சுவை, ஜிப்பென்ஷா இக்கு 1802-இல் தொடங்கிய தோகாய்தோ சாலைப் பயணக் கதை அதில் பெயர்பெற்றது. நின்ஜோபோன் காதல் கதை. ஒரே ஆசிரியர் நான்கு வகையிலும் எழுதியிருப்பார். பெயரைப் பார்த்து வகை சொல்ல வேண்டாம், பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு புத்தகம் எப்படித் தயாரானது?

இதற்கு விடையாக ஒரு கிப்யோஷியே இருக்கிறது. எழுதுவது முதல் விற்பது வரையுள்ள வேலைகளைக் கேலியாகக் காட்டும் கதை ஒன்றை இக்கு 1802-இல் தானே எழுதிப் படமும் போட்டார். வேலை நடந்த வரிசை இது.

ஆசிரியர் முதலில் கரட்டுப் பிரதி தயாரிப்பார். அது வெறும் எழுத்தல்ல. எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, யார் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மரம் எங்கே, எழுத்து எங்கே என்று ஒவ்வொரு விரிபக்கத்துக்கும் கோட்டுப்படம் போட்டுத் தருவார். படம் வரையத் தெரியாத குஸஜோஷி ஆசிரியருக்குப் பிழைப்பு கஷ்டம். சாந்தோ கியோடென், கோய்கவா ஹாருமாச்சி போன்றோர் தேர்ந்த ஓவியர்களும்கூட.

ஓவியர் அதை மெல்லிய தாளில் சுத்தமாக வரைவார். எழுத்துப் பகுதியை எழுத்தர் ஒருவர் அழகாக எழுதுவார். இந்த இறுதித் தாள் காட்டுச் செர்ரி மரப்பலகையின் மேல், வரைந்த பக்கம் கீழே படும்படி பசையால் ஒட்டப்படும். பலகை மரத்தின் நீளவாக்கில் அறுத்தது. ஒட்டிய தாளின் முதுகை விரலால் உரசி மெலிதாக்கி எண்ணெய் தடவினால் கோடுகள் இடவலம் மாறித் தெளிவாகத் தெரியும். செதுக்குபவர் கத்தியால் ஒவ்வொரு கோட்டின் இரு கரையையும் வெட்டி, கோட்டை மட்டும் நிறுத்தி, மீதியை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு எடுத்துவிடுவார். முகம், தலைமுடி, எழுத்து போன்றவை தலைமைக் கைக்கு; வெற்றிடத்தைக் குடைவது கற்றுக்குட்டிகளுக்கு. தாளோடு சேர்த்தே வெட்டுவதால் இறுதிப் பிரதி இந்தக் கட்டத்தில் அழிந்துபோகும். இன்று அருங்காட்சியகங்களில் அத்தகைய இறுதித் தாளைப் பார்த்தால், பெரும்பாலும் அது அச்சேறாமல் நின்றுபோன புத்தகத்தினுடையது.

அடுத்து மெய்ப்பு. பிழை இருந்தால் அந்த இடத்தைத் தோண்டி, அளவான மரச்செருகல் அடித்து, அதன்மேல் திருத்தத்தைச் செதுக்குவார்கள். ஓரிரு எழுத்துக்கு இது சுலபம். ஒரு முழு வரி விட்டுப்போனால் பலகையே போச்சு.

அச்சடிப்பதற்கு எந்திரம் கிடையாது. ஈரப்பதம் ஏற்றிய தாளை மையிட்ட பலகைமேல் வைத்து, முதுகில் பாரென் என்ற வட்டத் தேய்ப்பியால் அழுத்தித் தேய்ப்பார்கள். மூங்கில் மடல் நாரை முறுக்கிச் சுருளாக்கி, மேலே மடலையே போர்த்திக் கட்டினால் பாரென். மை புகைக்கரியும் விலங்குப் பசையும் கலந்த நீர் மை. தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சு. மலிவுப் பதிப்புகளுக்குப் பழைய தாளைக் கரைத்து மறுபடி வார்த்த சாம்பல் நிறத் தாளையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள்.

அச்சான தாள்களை எழுத்து வெளியே தெரிய நடுவில் மடித்து, வரிசைப்படி அடுக்கி, காகிதத் திரியால் முதலில் கட்டி, ஓரம் வெட்டி, அட்டை போட்டு நூலால் தைப்பார்கள். தைப்பது தாளின் திறந்த முனைகளை. மடிப்பு வெளி ஓரமாக வரும். அதனால் ஒவ்வொரு தாளும் உள்ளே வெற்றான ஒரு பை. கடைசியாக அட்டையில் படத்தோடு கூடிய தலைப்புச் சீட்டு ஒட்டி, புத்தாண்டுக்குக் கடைக்கு வரும். கிப்யோஷி என்றால் புத்தாண்டுச் சரக்குதான்.

விரிபக்கப் படத்தில் வலது பாதியும் இடது பாதியும் சில சமயம் பொருந்தாமல் இருப்பது ஏன்?

மேலே சொன்ன மடிப்பில்தான் விடை இருக்கிறது. ஒரு தாளில் அச்சாகும் இரண்டு பக்கங்கள் முன்னும் பின்னுமாகப் போய்விடும். கண்ணெதிரே விரியும் இரண்டு பக்கங்கள் இரண்டு வெவ்வேறு தாள்கள், செதுக்கியதும் தனித்தனியாக. ஒரு தாள் கொஞ்சம் கூடுதலாக நனைந்து விரிந்திருந்தாலோ மடிப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலோ கூரைக்கோடு நடுவில் உடைந்து தெரியும். தேர்ந்த ஓவியர்கள் முகத்தையோ கையையோ நடுக்கோட்டில் வைக்கவே மாட்டார்கள். தூண், திரை, சுவர் என்று எதையாவது அங்கே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு பாதி கூர்மையாகவும் மறுபாதி மழுங்கியும் இருந்தால் அது வேறு விஷயம்: ஒரு பலகை மட்டும் தேய்ந்தோ உடைந்தோ போய்ப் பிறகு மறுபடி செதுக்கப்பட்டிருக்கும்.

அச்சில் வேறு என்னென்ன கெடும்?

மை தடித்தால் சிறு எழுத்துகளின் கண்கள் அடைபடும். தாள் அதிகம் நனைந்தால் கோடு கசியும். காய்ந்திருந்தால் கறுப்புப் பரப்பில் பொட்டுப் பொட்டாக வெள்ளை விழும். நிறையப் பிரதி எடுத்த பலகையில் மெல்லிய கோடுகள், குறிப்பாக மயிர்க்கோடும் சட்டகத்தின் மூலையும், முதலில் உடையும். பலகையைப் பூச்சி அரித்திருந்தால் அச்சில் வெள்ளை வளைகோடுகள் வரும். காகிதத்தைப் பூச்சி அரித்திருந்தால் ஓட்டை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டால் எது பழைய அச்சு, எது பிந்தையது என்று சொல்லும் திறமை பாதி வந்துவிடும். தாள் வரிசை மாறித் தைப்பதும் ஒரு தாள் விட்டுப்போவதும் சாதாரணமாக நடந்தவை.

தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கத் தெரியாதா அவர்களுக்கு?

தெரியும், செய்தும் பார்த்தார்கள். 1590-இல் இயேசு சபையினர் ஐரோப்பிய அச்சு எந்திரத்தைக் கொண்டுவந்தனர். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழில் அச்சிட்டதும் இதே சபைதான். கொரிய வழி எழுத்தச்சுகளும் அதே காலத்தில் வந்தன. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகான நூல்கள் அவற்றால் அச்சாயின. ஆனால் 1640-கள் வாக்கில் கட்டைக்கே திரும்பிவிட்டார்கள். கூட்டெழுத்தாக ஓடும் ஜப்பானியக் கையெழுத்தை உதிரி அச்சில் பிரிப்பது தொல்லை. படமும் எழுத்தும் ஒரே பலகையில் இருந்தால் எழுத்து எங்கே வேண்டுமானாலும் வளைந்து போகலாம். தவிர, கோத்த எழுத்தைக் கலைத்துவிட்டால் மறுபதிப்புக்கு மறுபடி கோக்க வேண்டும். பலகையோ அலமாரியில் காத்திருக்கும். விற்கலாம், அடகு வைக்கலாம். பதிப்புரிமையே பலகை யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான்.

பக்கத்தைத் திறந்தால் எங்கிருந்து படிப்பது?

வலமிருந்து இடம், மேலிருந்து கீழ். பக்கத்தின் மேல்பகுதியில் இருப்பது கதைசொல்லல். பாத்திரத்தின் பக்கத்தில், பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே சிறு கொத்தாக இருப்பது அவர் பேசுவது. முதலில் மேலே உள்ளதை முடித்துவிட்டுப் பேச்சுக்கு வாருங்கள்.

கோகனில் இது சிக்கலாகும். எழுத்து படத்தைச் சுற்றிப் பொந்து பொந்தாக அடைந்திருக்கும். ஒரு துண்டின் முடிவில் ▲ இருந்தால் அதே ▲ எங்கே தொடங்குகிறதோ அங்கே போக வேண்டும். ●, ■ என்று ஒரே பக்கத்தில் பல குறிகள் இருக்கலாம். குறியைத் தவறவிட்டால் கதை குழம்பும்.

நிறுத்தற்குறிகளை எதிர்பார்க்க வேண்டாம். யார் யார் என்று அறிய உடையின் கைப்பகுதியைப் பாருங்கள்: பெயரின் ஓர் எழுத்தை வட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். உடையை மாற்றினாலும் அந்த வட்டம் கூடவே போகும். தூங்குபவரின் கழுத்திலிருந்து புகைபோலக் கிளம்பி விரியும் குமிழ் என்றால் அதற்குள் நடப்பது கனவு.

கிப்யோஷியில் அப்படி என்ன கதை?

1775-இல் ஹாருமாச்சி எழுதி வரைந்து, உரோகோகதாயா பதிப்பித்த கின்கின் சென்செய் எய்கா நோ யுமே முதல் கிப்யோஷி எனக் கொள்ளப்படுகிறது. பணம் தேடி எடோவுக்கு வரும் நாட்டுப்புறத்து இளைஞன் மெகுரோவில் தினைமாவுப் பலகாரக் கடையில் உட்கார்ந்தபடி கண்ணயர்கிறான். செல்வந்தன் வீட்டுச் சுவீகாரப் பிள்ளையாகி, ஆடம்பரமாக வாழ்ந்து, ஏமாற்றப்பட்டு, துரத்தப்படுகிறான். விழித்துப் பார்த்தால் பலகாரம் இன்னும் தயாராகவில்லை. மூலம் கந்தான், நோ என்ற பழைய மேடை வகையைச் சேர்ந்த நாடகம். வாசகருக்குக் கதை ஏற்கெனவே தெரியும்; அன்றைய நாகரிக உடையில், அன்றைய கொச்சையில் அது வருவதுதான் வேடிக்கை.

எங்கள் பரிந்துரை வேறு: கியோடெனின் எடோ உமாரே உவாகி நோ கபயாகி, 1785. மூன்று அலகு, 15 தாள், 30 பக்கம். பணக்கார வணிகனின் மகன் என்ஜிரோவுக்குப் பெரிய காதல் மன்னன் என்று பெயரெடுக்க ஆசை. மூக்கோ சப்பை. கை நிறையப் பச்சை குத்திக்கொள்கிறான், எல்லாம் இல்லாத காதலிகளின் பெயர். ஒருத்திக்குப் பணம் கொடுத்துத் தன் வீட்டு வாசலில் வந்து அழச் சொல்கிறான். அதைச் செய்தித்தாளாக அடித்துத் தெருவில் விற்கச் செய்தும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆள் வைத்துத் தன்னையே அடிக்கச் சொல்கிறான். தன்னை வீட்டைவிட்டு விலக்கி வைக்கும்படி பெற்றோரைக் கெஞ்சி, 75 நாள் தவணை வாங்குகிறான். கடைசியில் பொய்யான காதல் தற்கொலைக்குக் கிளம்பும்போது திருடர்கள் மறித்து, அவன் துணியையும் கூடவந்த உகினா என்ற பெண்ணின் துணியையும் உருவிவிடுகிறார்கள். திருடர்கள் வேறு யாருமல்ல, அப்பாவும் தலைமைக் கணக்கரும். நாடகக் காதலைக் காசு கொடுத்து வாங்க நினைக்கும் நகரத்துப் பையனை இத்தனை கச்சிதமாக உரித்த கதை அந்த நூற்றாண்டில் வேறில்லை. என்ஜிரோவின் சப்பை மூக்குக்கே 'கியோடென் மூக்கு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அரசைக் கேலி செய்தார்களாமே? தண்டனை உண்டா?

உண்டு. சமகால அரசியலைப் பேசக் கூடாது என்ற தடை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதனால் கதையைப் பழங்காலத்தில் நடப்பதாக வைப்பார்கள். 1787-இல் மட்சுதாயிரா சதனோபு ஆட்சிப் பொறுப்பேற்று, சாமுராய்கள் கல்வியும் போர்க்கலையும் பழகவேண்டும் என்று கெடுபிடி செய்தார். அடுத்த ஆண்டே ஹோசெய்தோ கிசான்ஜியின் கிப்யோஷி ஒன்று வந்தது. 12-ஆம் நூற்றாண்டுக் காமகுராவில், ஹதகெயாமா ஷிகெதாதா என்ற தளபதி வீரர்களை நெல் சலிப்பதுபோலச் சலித்துக் கல்விக்காரர், போர்க்காரர், இரண்டுக்கும் உதவாதவர் என்று பிரிக்கிறார். தளபதியின் உடையில் சதனோபு குடும்பத்தின் ப்ளம்பூ முத்திரை. வாசகருக்கு அது போதும்.

1789-இல் ஹாருமாச்சி அதே பொருளில் இன்னும் துணிச்சலாக எழுதினார். அவருக்கு அழைப்பாணை வந்தது. உடல்நலமில்லை என்று போகாமல் இருந்தவர் அதே ஆண்டு இறந்தார். கிசான்ஜி கிப்யோஷி எழுதுவதை நிறுத்தினார். இருவரும் சாமுராய்கள், புனைபெயரில் எழுதியவர்கள். 1790-இல் வந்த ஆணைப்படி பதிப்பாளர் சங்கத்தின் முறைப்பொறுப்பாளர்கள் ஒவ்வொரு நூலையும் முன்கூட்டியே பார்க்க வேண்டியதாயிற்று. 1791-இல் கியோடென் மூன்று ஷாரெபோன்களுக்காக 50 நாள் கைவிலங்கோடு வீட்டிலிருந்தார். பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோவுக்குச் சொத்தில் பாதி பறிபோனது என்பது வழிவழியாக வரும் செய்தி.

இதற்குப் பிறகு கிப்யோஷியின் பல் பிடுங்கப்பட்டது. நல்லொழுக்கக் கதைகளும், அடுத்துப் பழிவாங்கல் கதைகளும் வந்தன. பழிவாங்கல் கதைக்கு 15 தாள் போதாது. அதுவே கோகனுக்கு வழி.

கோகன் எப்படி வேறுபடுகிறது?

கதை நீண்டதால் ஐந்து தாள் அலகுகளைத் தனித்தனியாகத் தைக்காமல் ஒன்றாகக் கட்டினார்கள். ஷிகிதெய் சாம்பா 1806-இல் வெளியிட்ட பழிவாங்கல் கதை, பத்து அலகுகளை இரண்டு கட்டாகப் போட்டு நன்றாக விற்றது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அட்டை பலவண்ண அச்சாக மாறியது. முதல் கட்டின் அட்டையையும் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்தால் ஒரே படமாக இணையும். பாத்திரங்களின் முகம் பிரபல கபுகி நடிகர்களின் சாயல்.

உச்சம், ர்யூதெய் தனெஹிகோ எழுதி உதகவா குனிசதா வரைந்த நிஸெ முராசாகி இனாகா கென்ஜி, 1829 முதல் 1842 வரை. அரண்மனைக் காவியமான கென்ஜி கதையை 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அஷிகாகா குடும்பத்துக்கு மாற்றி, களவுபோன குலச்சொத்தைத் தேடும் துப்பறியும் கதையாக்கினார். 38 பகுதிகள், ஒவ்வொன்றும் நான்கு அலகு, 20 தாள், இரண்டு கட்டு. மொத்தம் 152 அலகுகள். நாயகன் மிட்சுஉஜியின் குடுமி நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். எந்த ஓவியத்தில் அந்தக் குடுமியைப் பார்த்தாலும் இவன்தான். 1842-இல் தெம்போ சீர்திருத்தம் என்ற அரசுக் கெடுபிடியில் நூல் தடைபட்டது, பலகைகள் பறிமுதலாயின, அதே ஆண்டு தனெஹிகோ இறந்தார். வண்ண அட்டையும் நடிகர் சாயலும்கூட அப்போது தடையாயின. சில ஆண்டுகளில் இரண்டும் திரும்பிவந்தன.

பாகினின் கெய்செய் சுய்கோதென் பற்றியும் ஒரு வார்த்தை. சீனத்து நீர்க்கரைக் கொள்ளையர் கதையில் வீரர்கள் அனைவரையும் பெண்களாக மாற்றிப்போட்ட தொடர் அது, 1825-இல் தொடங்கியது. ஹக்கென்தெனை மட்டும் வைத்து அவரை உம்மணாமூஞ்சி என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

விலை என்ன? யார் வாங்கினார்கள்?

கிப்யோஷி ஓர் அலகு 10 மோனை (அன்றைய செப்புக்காசு) ஒட்டிய விலை. ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன். மூன்று அலகுக் கதையை இரண்டு கிண்ணம் சோபா விலைக்குள் வாங்கலாம். கோகன் கூடுதல், யோமிஹோன் பலருக்கு எட்டாத விலை. அவற்றை வாடகைக்குத்தான் படித்தார்கள். முதுகில் மூட்டையோடு வீடுவீடாகப் போகும் வாடகைப் புத்தகக்காரர்கள் 1808-இல் எடோவில் மட்டும் 656 பேர். வாடகைப் பிரதிகளை எளிதில் அடையாளம் காணலாம்: கடை முத்திரை, பக்கம் புரட்டும் இடது கீழ்மூலையில் கறுத்த அழுக்கு, ஓரத்தில் வாசகர் கிறுக்கல்.

எழுத்தாளருக்குக் காசு கிடைத்ததா?

ஆரம்பத்தில் இல்லை. சாமுராய் எழுத்தாளர்களுக்கு விருந்தும் அன்பளிப்பும்தான். எழுத்துக்கூலி வாங்கிய முதல் தலைமுறை கியோடெனும் பாகினும். அதிலும் கியோடென் புகையிலைப்பைக் கடை வைத்திருந்தார். தன் கதைகளின் கடைசிப் பக்கத்தில் கடைக்கு விளம்பரமும் போட்டுக்கொண்டார்.

இதுதான் மாங்காவின் தாயா?

அப்படிச் சொல்லி விற்பவர்கள் அதிகம். கனவுக் குமிழும் படத்தோடு ஒட்டிய பேச்சும் ஒற்றுமைகள்தான். ஆனால் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து நேரத்தை நகர்த்தும் முறை இதில் இல்லை. ஒரு விரிபக்கம் ஒரு காட்சி. கட்டம் பிரித்த சித்திரக்கதை மெய்ஜி காலத்தில் (1868–1912) மேலைநாட்டுப் பத்திரிகைகள் வழியாக வந்தது. இடையில் குஸஜோஷி மறைந்தும்போனது. நேர்வாரிசு என்பதை நாங்கள் ஏற்பதில்லை.

நவீன ஜப்பானியம் தெரியும். நேரே படித்துவிடலாமா?

முடியாது. 1900-இல் ஓர் ஒலிக்கு ஓர் ஹிரகானா என்று பள்ளிகளுக்கு விதி வந்தது. அதற்கு முன் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள். எல்லாம் கூட்டெழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இடைவெளியும் இல்லை, தேவையான இடங்களில் ஒலிப்புப் புள்ளிகளும் பல சமயம் இல்லை.

நல்ல செய்தி, குஸஜோஷியில் கான்ஜி, அதாவது சீன எழுத்து, குறைவு. அடிக்கடி வரும் சுமார் 150 வடிவங்கள் கைவசமானால் வரிகள் பிடிபடத் தொடங்கும். பெயர்த்தெழுதிய உரை உள்ள ஒரு கிப்யோஷியை எடுத்து, ஒரு விரிபக்கத்தை நீங்களே எழுத்துப்பெயர்த்துவிட்டு அதோடு ஒப்பிடுங்கள். பேச்சுக் கொத்துகளில் தொடங்குவது நல்லது. சின்னவை, படம் துணைநிற்கும். கோகனை முதலில் தொடாதீர்கள், எழுத்து எறும்பளவு.

மனிதவியல் திறந்த தரவு மையம் 2021-இல் வெளியிட்ட மிவோ செயலி, படம் எடுத்தால் எழுத்துகளை நவீன வடிவில் காட்டும். தனி எழுத்துகளைக் கண்டுபிடிப்பதில் உதவும். ஆனால் சிதறிக் கிடக்கும் துண்டுகளின் வரிசையில் சறுக்கும். ▲ குறியைத் தொடர்வது உங்கள் வேலை. ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால் பிழை குறையும்.

இணையத்தில் எங்கே பார்க்கலாம்?

ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம், வசேதா பல்கலைக்கழகத்தின் பழநூல் தொகுப்பு, தேசிய ஜப்பானிய இலக்கிய ஆய்வு நிறுவனத்தின் கொகுஷோ தரவுத்தளம் மூன்றிலும் முழு நூல்களை இலவசமாகப் புரட்டலாம். தேடும்போது தலைப்பைக் கான்ஜியில் இட வேண்டும். ஒரே நூலின் இரண்டு மூன்று பிரதிகளைத் திறந்து ஒப்பிடுங்கள். பலகை தேய்ந்த கதை அங்கே கண்ணுக்குத் தெரியும்.

ஒரு மூலப் பிரதி வாங்க நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

டோக்கியோவின் கந்தா ஜின்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் தனி கோகன் கட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. தொடரின் நடுப்பகுதி ஒன்று தனியாக இருந்தால் விலை குறையும். நல்ல நிலையில் உள்ள 18-ஆம் நூற்றாண்டுக் கிப்யோஷி வேறு உயரத்தில் இருக்கும்.

முதலில் தாளை எண்ணுங்கள். மடிப்பு ஓரத்தில் சுருக்கத் தலைப்பும் தாள் எண்ணும் இருக்கும். ஓர் அலகில் ஐந்து இல்லையென்றால் குறை. பிறகு தலைப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறதா, அட்டை மூல அட்டைதானா, தையல் நூல் புதிதா என்று பாருங்கள். நூல் புதிதாக இருப்பது குற்றமில்லை. ஆனால் தாள் வரிசை மாறியிருக்கலாம். பதிப்பாளர் முத்திரை தெரிந்தால் நல்லது: மலைவடிவத்தின் கீழ் ஐவி இலை என்றால் ட்சுதாயா. ஆனால் பலகை கைமாறியபின் முத்திரையைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு பெயர் செருகுவார்கள். அந்த இடத்தில் மட்டும் மை அடர்த்தி மாறியிருந்தால் பிந்தைய அச்சு என்று கொள்ளுங்கள். வண்ண அட்டையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பும் ஊதாவும் அனிலின் என்ற செயற்கைச் சாயம், பெரும்பாலும் மெய்ஜி காலத்தது.

வீட்டில் எப்படி வைப்பது?

படுக்கை வாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக அதிகம் அடுக்காமல். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் வேண்டும். வெயில் படக்கூடாது, அட்டைச் சாயம் முதலில் போகும். கையுறை வேண்டாம், கழுவி உலர்த்திய கையே நல்லது, கையுறையில் தாளின் தடிமன் உணராமல் கிழிப்பவர்கள்தான் அதிகம். மடித்த தாளின் உள்ளே அட்டையோ குறிப்போ செருகக் கூடாது. மடிப்பு ஏற்கெனவே விட்டிருந்தால் அப்படியே விடுங்கள். செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுப்புக் கறை தாளின் மறுபுறம் வரை ஊறிவிடும். ஒட்டியே ஆகவேண்டுமென்றால் கோதுமை மாப்பசையும் மெல்லிய கோஸோ (ஜப்பானிய மல்பெரி நார்) தாளும், அதுவும் தெரிந்தவர் கையால்.